தனிமையும் ஒடுக்குமுறையும்: மூன்று உழைக்கும் பெண்களின் கதை

(ராபர்ட்சன்பேட்டையில் நடைபெற்ற திரையிடலை அடுத்து ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

பாயல் கபாடியா எழுதி இயக்கிய 'ஆல் வி இமாஜின் ஆஸ் லைட்' என்னும் திரைப்படம் 2024 மே மாதம் கான் திரைப்பட விழாவில் கிராண்ட் பிரி விருதைப் பெற்றது. அவ்விழாவின் இரண்டாவது உயரிய விருது அது. விழாவின் முதன்மைப் போட்டிப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு இடம்பெற்ற இந்தியப் படமும் இதுவே. இதற்கு முன் 1994இல் ஷாஜி என். கருணின் 'ஸ்வம்' அங்கு இடம்பெற்றிருந்தது. மலையாளம், இந்தி, மராத்தி ஆகிய மூன்று மொழிகளும் இப்படத்தில் பேசப்படுகின்றன. கேரளத்தில் இது 'பிரபயாய் நினச்சதெல்லாம்' என்ற பெயரில் வெளியானது. ஒளியென்று எண்ணிய யாவும் என்று அத்தலைப்புக்குத் தமிழில் பொருள் கொள்ளலாம். கதையின் மையப் பெண்ணின் பெயர் பிரபா. ஒளி என்பதே அப்பெயரின் பொருள்.

படத்தைப் பற்றிப் பேசுமுன் இயக்குநரைப் பற்றிச் சில செய்திகளை நினைவில் கொள்வது நல்லது. 2015இல் புனே திரைப்பட, தொலைக்காட்சிக் கல்வி நிலையத்தின் தலைவராக கஜேந்திர சவுகானை ஒன்றிய அரசு நியமித்ததை எதிர்த்து மாணவர்கள் 139 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அம்மாணவர்களில் ஒருவர் பாயல் கபாடியா. காவல்துறை வழக்குத் தொடுத்த மாணவர்களின் பட்டியலிலும் அவர் இருந்தார். மாணவர் போராட்டங்களைப் பின்னணியாகக் கொண்டு அவர் எடுத்த ஆவணப்படம் 2021இல் கான் விழாவில் சிறந்த ஆவணப்படத்துக்கான 'தங்கக் கண்' விருதைப் பெற்றது. 2024இல் கிராண்ட் பிரி கிடைத்தபோது நாட்டின் பிரதமர் வாழ்த்துத் தெரிவித்தார். ஆனால் 2015ஆம் ஆண்டின் வழக்கு அப்போதும் நிலுவையிலேயே இருந்தது. விருது பெற்றவரைக் கொண்டாடுவதும் போராடியவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதும் ஒரே அரசுதான்.

படத்தின் கதை எளிமையானது. மும்பை மருத்துவமனை ஒன்றில் பணிபுரியும் மூன்று பெண்களின் வாழ்க்கை அதில் சொல்லப்படுகிறது. பிரபா தலைமைச் செவிலியர். அனு வயதில் இளைய செவிலியர். இருவரும் கேரளத்திலிருந்து வந்தவர்கள். ஒரே வீட்டில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள். மூன்றாமவர் பார்வதி. மருத்துவமனைச் சமையற்கூடத்தில் வேலை செய்பவர், கொங்கணக் கடற்கரையில் இரத்தினகிரிப் பகுதியைச் சேர்ந்தவர், கணவரை இழந்தவர். கனி குஸ்ருதி, திவ்ய பிரபா, சாயா கதம் ஆகியோர் இப்பாத்திரங்களை ஏற்றுள்ளனர். மூவரும் தம் உழைப்பால் தம்மைக் காத்துக்கொள்பவர்கள். எவரிடமும் கையேந்தாதவர்கள். ஆயினும் மூவரையும் தனிமை சூழ்ந்திருக்கிறது.

அந்தத் தனிமை எங்கிருந்து வருகிறது? இதுவே படம் எழுப்பும் கேள்வி. தனிமையை மனநோய் என்றும், தனிமனிதரின் குணக்குறை என்றும், தியானமும் உடற்பயிற்சியும் அதைத் தீர்த்துவிடும் என்றும் சொல்வோர் இன்று ஏராளம். படம் அவ்வழியில் செல்லவில்லை. ஒவ்வொரு பெண்ணின் தனிமைக்கும் பின்னால் உள்ள சமூகக் காரணத்தை அது ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக் காட்டுகிறது.

முதலில் பிரபா. பெற்றோர் பார்த்து முடித்த திருமணம். மணம் முடிந்த சில நாட்களிலேயே கணவன் வேலை தேடி ஜெர்மனிக்குச் சென்றுவிட்டான். தொலைபேசி அழைப்புகள் குறைந்து, ஓராண்டுக்கும் மேலாக அடியோடு நின்றுவிட்டன. ஒருநாள் ஜெர்மனியில் தயாரான ரைஸ் குக்கர் ஒன்று பார்சலாக வந்து சேர்கிறது. அனுப்பியவர் பெயரில்லை, கடிதமும் இல்லை. வீடு உறங்கிய பிறகு பிரபா அந்தக் குக்கரைத் தரையில் அமர்ந்து கட்டிக்கொள்கிறாள். படத்தில் மிகவும் பேசப்பட்ட காட்சி இது. வளைகுடா நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் உழைப்பை ஏற்றுமதி செய்யும் குடும்பங்களில் மனிதன் போய்விடுகிறான்; பொருள் வந்து சேருகிறது. மனைவி என்ற பெயர் மட்டும் அவள்மீது நிற்கிறது. அவளிடம் அன்பு காட்டும் மருத்துவர் ஒருவர் கவிதை எழுதிக் கொடுக்கிறார். தனக்கு மணமாகிவிட்டது என்று சொல்லி அவள் விலகுகிறாள். இல்லாத கணவனின் உரிமை இருக்கும் பெண்ணைக் கட்டுப்படுத்துகிறது.

அடுத்து அனு. அவள் காதலிப்பது ஷியாஸ் என்னும் இஸ்லாமிய இளைஞனை. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டோர் வாழும் மாநகரில் இருவரும் தனித்து அமர ஓர் இடமில்லை. அவன் வீட்டுக்குச் செல்வதற்காக அவள் புர்கா வாங்கி அணிந்துகொள்கிறாள். அன்று மழையால் ரயில் நின்றுபோகிறது, வெளியூர்த் திருமணத்துக்குக் கிளம்பிய உறவினர்கள் வீட்டிலேயே தங்கிவிடுகின்றனர், பயணம் வீணாகிறது. ஊரிலிருந்து பெற்றோர் மாப்பிள்ளைகளின் புகைப்படங்களை அனுப்பிக்கொண்டே இருக்கின்றனர். மருத்துவமனையில் சக ஊழியர்கள் அவளைப் பற்றிப் புறம் பேசுகின்றனர். 'லவ் ஜிகாத்' என்னும் பொய்யை அரசியலாக்கி, 2020இல் உத்தரப்பிரதேசத்தில் மதமாற்றத் தடைச் சட்டம் என்ற பெயரில் காதலர்களை வேட்டையாட வழி செய்யப்பட்ட காலத்தில் இக்கதை நிகழ்கிறது. தமிழ்ப் பார்வையாளருக்கு இது அயல்மாநிலத்துச் செய்தி அன்று. 2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், சாதி மறுத்து மணந்த குற்றத்துக்காகச் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டதை எவரும் மறந்திருக்க முடியாது. மதத்தின் இடத்தில் அங்கே சாதி நின்றது. பெண் தன் துணையைத் தானே தேர்ந்துகொள்ளக் கூடாது என்ற விதி இரண்டிலும் ஒன்றே.

மூன்றாவது பார்வதி. இருபத்திரண்டு ஆண்டுகளாக அவள் வாழும் குடியிருப்பை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்ட பில்டர் முனைகிறான். அடியாட்கள் வந்து மிரட்டுகின்றனர். அங்கே வாழ்ந்ததற்குச் சான்றாக அவளிடம் ஒரு காகிதமும் இல்லை. பிரபா அவளை வழக்கறிஞரிடம் அழைத்துச் செல்கிறாள். காகிதம் இல்லாமல் எதுவும் செய்வதற்கில்லை என்பதே அங்கு கிடைக்கும் விடை. காகிதம் இல்லையென்றால் மனிதர் காற்றில் கரைந்துவிட்டவர்போல ஆகிவிடுவதாகப் பார்வதி வருந்துகிறாள். பிறகு ஓர் இரவு, புதிய அடுக்குமாடிகளின் பெருமை பேசும் விளம்பரப் பலகைமீது பார்வதியும் பிரபாவும் கல்லெறிகின்றனர். உயர்வு என்பது உயர்ந்தோருக்கே உரியது என்ற பொருளில் அப்பலகை பேசுகிறது. அந்தக் கல்லில் கோபம் இருக்கிறது, மகிழ்ச்சியும் இருக்கிறது. ஆனால் மறுநாள் பலகை அங்கேயே நிற்கும் என்பதையும் இருவரும் அறிவர்.

தோழர்களே, பார்வதியின் கதை தங்கவயலில் வாழும் எவருக்கும் புதியதன்று. மும்பையின் அடுக்குமாடிகள் எழுந்த நிலத்தின் பெரும்பகுதி பஞ்சாலைகளுக்கு உரியதாக இருந்தது. 1982 ஜனவரி 18 அன்று டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அப்போராட்டம் தோற்கடிக்கப்பட்டது. ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஆலை நிலங்களில் வணிக வளாகங்களும் ஆடம்பரக் குடியிருப்புகளும் முளைத்தன. உழைத்தவர்களின் பிள்ளைகள் அதே கட்டடங்களில் காவலர்களாகவும் துப்புரவாளர்களாகவும் நுழைந்தனர்.

இங்கே 1880களில் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கம் தோண்டத் தொடங்கியது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பகுதியிலிருந்தும் வந்த தமிழ் உழைப்பாளர்கள், அவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள், மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம்வரை இறங்கித் தங்கம் எடுத்தனர். 1930இல் நிர்வாகம் தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்ய முற்பட்டபோது, குற்றவாளிகளைப்போல் தம்மைப் பதிவு செய்வதை எதிர்த்து அவர்கள் வேலையை நிறுத்தினர். 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் மூடப்பட்டது. அதன்பின் லைன் வீடுகளில் தொடர்ந்து வாழும் குடும்பங்கள் வீட்டுக்கு உரிமைப் பத்திரம் கேட்டு அலைந்தன. அன்று உழைப்பாளரைக் கட்டுப்படுத்த ஒவ்வொருவர் பெயரிலும் பதிவேடு வைக்க விரும்பிய அதே அமைப்புக்கு, அவர்கள் வீட்டில் நிலைத்திருக்கத் தேவையான காகிதத்தைத் தருவதில் மட்டும் அவசரம் இருக்கவில்லை. பார்வதியின் வழக்கறிஞர் சொல்லும் விடையின் வர்க்கப் பொருள் இதுதான்.

இந்த வரலாற்றில் பெண்கள் எங்கே இருந்தனர்? 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் பெண்களை நிலத்தடி வேலையிலிருந்து விலக்கியது. எனவே தங்கவயலின் வரலாறு ஆண்கள் இறங்கிய ஆழத்தின் கணக்காகவே எழுதப்பட்டது. பாறை வெடிப்பில் இறந்தவனின் மனைவியும், சிலிக்கோசிஸ் நோயில் மூச்சிழந்தவனைப் பல ஆண்டுகள் பேணியவளும், ஷிப்டு மாறும்போதெல்லாம் தன் தூக்கத்தையும் மாற்றிக்கொண்டவளும் அக்கணக்கில் இல்லை. தங்கவயலின் பெயரைத் தாங்கி 2018இலும் 2022இலும் வெளிவந்த இரு பெரும் வணிகப் படங்களிலும் அவர்கள் இல்லை. அங்கே உழைப்பாளர்கள் ஒரு நாயகனுக்காகக் காத்திருக்கும் அடிமைக் கூட்டம். சங்கம் கட்டிய மக்களிடமிருந்து அவர்களது சங்கத்தை அப்படங்கள் பறித்துவிட்டன. பாயல் கபாடியாவின் படத்தில் நாயகன் இல்லை. காப்பாற்ற எவரும் வருவதில்லை. அதனாலேயே அது இவ்வூர்ப் பெண்களுக்கு நெருக்கமானது.

சுரங்கம் மூடப்பட்ட பிறகு தங்கவயலின் உழைப்பு ரயிலேறியது. விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் வண்டிகளில் சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களில் ஏறி, சுமார் நூறு கிலோமீட்டர் பயணம் செய்து, பெங்களூரின் தொழிற்கூடங்களிலும் கடைகளிலும் மருத்துவமனைகளிலும் வீடுகளிலும் வேலை செய்துவிட்டு இருட்டிய பின் திரும்புவோரில் பெண்களும் கணிசமாக உள்ளனர். திரும்பி வந்தபின் அவர்களுக்கு அடுப்படி காத்திருக்கிறது. பிரபாவும் அனுவும் மின்ரயிலில் சாய்ந்து கண்மூடும் காட்சிகள் படத்தில் திரும்பத் திரும்ப வருகின்றன. நெரிசலில் தோளோடு தோள் உரசி நிற்கும்போதும் ஒருவர் தனித்திருக்க முடியும் என்பதை விளக்க அக்காட்சிகளுக்கு வசனம் தேவைப்படவில்லை.

சோவியத் புரட்சியின் தலைவர்களில் ஒருவரான அலெக்சாந்திரா கொலந்தாய், நகரங்களில் மனிதர் உணரும் தனிமையைத் தனியுடைமைச் சமூகத்தின் விளைவாகக் கண்டார். ஒவ்வொருவரும் மற்றவருக்குப் போட்டியாளராக வாழும் சமூகத்தில், ஒரே ஓர் உறவிலாவது முழுமையான அரவணைப்பைப் பெற மனிதர் தவிக்கின்றனர். அத்தவிப்பே மற்றவரை உடைமையாக்கிக்கொள்ளும் வெறியாக மாறுகிறது என்பது அவரது ஆய்வு. பிரபாவின் கணவன் இல்லாதபோதும் அவள் அவனது உடைமையாக வாழ்வதை இவ்வெளிச்சத்தில் புரிந்துகொள்ளலாம்.

ஒடுக்குமுறை மேலிருந்து மட்டும் வருவதில்லை என்பதையும் படம் மறைக்கவில்லை. அனுவைப் பற்றி ஊர் பேசுவதைக் கேட்டுப் பிரபாவே அவளைக் கடிந்துகொள்கிறாள். தன்னைக் கட்டிய விதியைத் தன்னைவிட இளையவள்மீது அவளே ஏவுகிறாள். நம் வீடுகளில் மாமியாரும் அக்காளும் அண்டைவீட்டாரும் செய்வது இதுவே. ஆணாதிக்கம் பல வேளைகளில் பெண்ணின் வாயாலேயே பேசுகிறது.

படத்தின் பிற்பகுதி கடலோரக் கிராமத்தில் நிகழ்கிறது. வீட்டை இழந்த பார்வதி ஊர் திரும்புகிறாள். மற்ற இருவரும் சாமான்களோடு துணைக்குச் செல்கின்றனர். ஷியாஸும் ஒருவருக்கும் தெரியாமல் அங்கு வந்து சேர்கிறான். கடலில் மூழ்கிக் கரையொதுங்கிய ஒருவனுக்குப் பிரபா உயிரூட்டுகிறாள். ஊரார் அவனை அவள் கணவன் என்றே கருதிவிடுகின்றனர். அன்றிரவு அவன் அவள் கணவனாகவே பேசுகிறான். தன்னோடு வரும்படி அழைக்கிறான். கனவா நனவா என்று பிரித்தறிய இயலாத அக்காட்சியில், இனி அவனைக் காண விரும்பவில்லை என்று பிரபா சொல்லிவிடுகிறாள். ஆண்டுக்கணக்கில் அவளுக்குள் கிடந்த சொல் அது. அதன்பின் அவள் செய்யும் முதல் காரியம், அனுவிடம் அவளது காதலனை அழைத்துவரச் சொல்வது. கடற்கரைச் சிற்றுண்டிக் கடையின் வண்ண விளக்குகளின்கீழ் நால்வரும் அமர்ந்திருக்கப் படம் முடிகிறது.

இங்குக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பிரபாவின் விடுதலை அவள் கணவனை மறுத்ததோடு முடிவதில்லை. அனுவைக் காவல் காப்பதை அவள் கைவிடும்போதே அது நிறைவடைகிறது. ஒரு பெண்ணின் விடுதலைக்கு மற்றொரு பெண்ணின் விடுதலை நிபந்தனையாகிறது. இப்படத்தின் அரசியல் இதுவே.

படத்தின் வரம்பையும் சொல்லத்தான் வேண்டும். மும்பை தராததைக் கிராமமும் கடலும் தருகின்றன என்பதுபோல் கதை அமைந்துவிட்டது. தங்கவயலின் முன்னோர்கள் கிராமத்திலிருந்து வந்தது கடற்காற்றை வெறுத்து அன்று. சேரியையும் பண்ணையடிமைத்தனத்தையும் விட்டு விலகி, தட்டிக் குடிசையிலாவது தலைநிமிர்ந்து வாழலாம் என்றே வந்தனர். கிராமம் குறுகிய மனப்பான்மையின் கூடாரம் என்று 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் கூறியது இம்மக்களின் அனுபவத்துக்குப் பொருந்துவது. பார்வதி ஊர் திரும்புவது தோல்வியே. வீட்டைப் பறித்த பில்டர் மும்பையில் வெற்றி பெற்றுவிட்டான். படம் அதை மறுக்கவில்லை; ஆனால் அதற்கு விடையும் தரவில்லை. கலை எல்லாக் கேள்விக்கும் விடை தர வேண்டிய கட்டாயமில்லை. அந்த இடத்திலிருந்து இயக்கத்தின் வேலை தொடங்குகிறது.

அவ்வேலை எப்படிப்பட்டது என்பதற்கு வாழ்க்கையிலிருந்தே இரண்டு சான்றுகள் உள்ளன. 2011இல் மும்பையிலும் கேரளத்திலும் தனியார் மருத்துவமனைச் செவிலியர் போராட்டத்தில் இறங்கினர். சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்வது, ஒப்பந்தப் பத்திரம் எழுதி வாங்குவது, சொற்ப ஊதியம் தருவது ஆகியவற்றை எதிர்த்து, விடுதி அறைகளில் தனித்தனியே அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒன்றுகூடினர். அவ்வலையின் தொடர்ச்சியாக 2018இல் கேரள அரசு தனியார் மருத்துவமனைச் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச ஊதியமாக அறிவித்தது. பிரபாக்களும் அனுக்களும் பெற்ற வெற்றி அது.

இரண்டாவது சான்று கசப்பானது. ஆகவே கூடுதல் கவனத்துக்குரியது. 2015 செப்டம்பரில் மூணாறில் கண்ணன் தேவன் தேயிலைத் தோட்டங்களின் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள், 20 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகப் போனஸ் குறைக்கப்பட்டதை எதிர்த்துத் தெருவில் அமர்ந்தனர். 'பொம்பிளை ஒருமை' என்று தங்களை அழைத்துக்கொண்ட அப்பெண்கள் நிர்வாகத்தை மட்டும் எதிர்க்கவில்லை. இடதுசாரிச் சங்கங்கள் உட்பட எல்லாத் தொழிற்சங்கத் தலைவர்களையும் விலகி நிற்கச் சொன்னார்கள். கோரிய போனஸைப் பெற்றே எழுந்தனர். கொழுந்து பறிப்பவர்கள் பெண்கள். சங்க அலுவலகத்தில் பேசுபவர்கள் ஆண்கள் என்ற நிலை நெடுங்காலம் நீடித்ததன் விளைவு அது. அப்பெண்கள் தொழிற்சங்க உணர்வு இல்லாதவர்கள் அல்லர். சங்கத்துக்குள்ளேயே தனிமைப்படுத்தப்பட்டவர்கள்.

நமது இயக்கம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இங்கே உள்ளன. கிளைக் கூட்டம் எந்த நேரத்தில் கூட்டப்படுகிறது? இரவு ரயிலில் வந்திறங்கிச் சோறு வடிக்கும் பெண் தோழர் அதற்கு வர முடியுமா? கணவன் கட்சி உறுப்பினர் என்பதனாலேயே மனைவியும் கட்சியின் பக்கம் என்று எழுதிக்கொள்கிறோமே, அவளிடம் எவரேனும் உட்கார்ந்து பேசியதுண்டா? தோழர் ஒருவரின் மகள் வேறு சாதியிலோ வேறு மதத்திலோ துணை தேடிக்கொண்டால், கிளை அவள் பக்கம் நிற்குமா, தந்தையின் மனம் புண்படும் என்று ஒதுங்குமா? கூலி, போனஸ், குடிநீர், பட்டா ஆகியவை கோரிக்கைப் பட்டியலில் உள்ளன. தனிமை அதில் எப்படி இடம்பெறும் என்று கேட்கலாம். அது தனியே ஒரு வரியாக இடம்பெற வேண்டியதில்லை. ஒவ்வொரு கோரிக்கையும் எழுப்பப்படும் முறையில் அது இடம்பெற வேண்டும்.

வீட்டுரிமை கோரும்போது, பத்திரம் பெண்ணின் பெயரிலும் இருக்க வேண்டும் என்று கோரலாம். கைம்பெண்ணையும் கணவனால் கைவிடப்பட்டவளையும் மணமாகாமல் வாழ்பவளையும் குடும்பத் தலைவராக ஏற்க வேண்டும் என்று கோரலாம். அப்போது பார்வதியின் கையில் காகிதம் இருக்கும். ரயில் பயணிகள் பிரச்சினையை எடுக்கும்போது, பெண்கள் பெட்டிக்குள் பெண் தோழர்கள் சென்று பேசலாம். நாள்தோறும் பல மணி நேரம் ஒன்றாகப் பயணம் செய்யும் அப்பெண்கள் ஏற்கெனவே ஒரு கூட்டம்தான். காதலுக்குப் பாதுகாப்பு கேட்டு வரும் இளைஞர்களுக்குக் கட்சி அலுவலகத்தின் கதவு இரவிலும் திறந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பல இடங்களில் அவ்வாறு திறந்திருந்திருக்கிறது. அம்மரபு இங்கும் தொடர வேண்டும்.

உடனே செய்யக்கூடியது ஒன்றும் உண்டு. இப்படத்தை இன்று பார்த்தவர்களில் ஆண்களே மிகுதி. அடுத்த திரையிடலை ரயில் ஓட்டம் குறைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வைத்துக்கொள்ளலாம். அன்று சமையலையும் குழந்தைகளையும் ஆண் தோழர்கள் பார்த்துக்கொள்ளட்டும். படம் முடிந்த பிறகு உரையும் வேண்டாம். அப்பெண்கள் பேசட்டும். அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொண்டு, அடுத்த கிளைக் கூட்டத்தின் முதல் பொருளாக அதை வைப்போம்.